மூன்றாம் ராடில் பச்சை நூல்

மெரின்: மறுபடியும் ஈஷியிருக்கு பாரு.

டேல்: எங்கக்கா?

மெரின்: எஞ்சினோட மூணாவது ராடுல. பேரிங் இடைவெளி அளக்க வைக்கிற இந்தப் பச்சை மெழுகு நூலு, நசுங்குனா நாடா மாதிரி நேரா இருக்கணும். இது ரொட்டியில வெஜிமைட் தடவின மாதிரி கிடக்கு.

டேல்: நூலு பழசாயிருக்கும்.

மெரின்: நேத்துதான் டூவூம்பால வாங்கினேன். ராடு மாட்டியிருக்குற கிராங்க் தண்டு அசைஞ்சாதான் இப்படி ஈஷும்.

டேல்: நம்ம நாய் ஸ்பேனர் இடிச்சிருக்கும்...

மெரின்: ஸ்பேனரா? அது வாசல்ல மல்லாந்து தூங்குது.

டேல்: தூக்கத்துல நடக்கும்.

மெரின்: அடுத்த துண்டை வெட்டுடா. நூலை வை, மூடியைப் போட்டு முறுக்கு, கழட்டு, நசுங்குன அகலத்தை நூலோட வந்த அட்டையில இருக்குற கோட்டோட வெச்சுப் பாரு. நடுவுல மூச்சுகூட விடாத. ஞாயித்துக்கிழமை பந்தயத்துல இந்த வண்டியை நான் மலையேத்தணும்.

டேல்: புது பேரிங்தானே? அப்படியே மூடிடலாமே.

மெரின்: போன வருஷம் நீ அளக்காம அப்படித்தான் மூடின. பாதி மலையில ராடு எஞ்சினை உடைச்சுட்டு வெளியில எட்டிப் பார்த்துச்சு.

டேல்: காத்து வாங்க வந்துச்சு.

மெரின்: சிரிக்காத.

டேல்: சரி... வீட்டுக்குள்ள ஒரு சின்ன வேலை. போயிட்டு ஓடி வந்துடுறேன்.

மெரின்: எங்கயும் போகாத. ரெஞ்சைப் பிடி. இந்தா, மீட் பை. தின்னுக்கிட்டே பிடி.

டேல்: தக்காளி சாஸ் எங்க?

மெரின்: டேல்!

டேல்: பிடிக்கிறேன், பிடிக்கிறேன்... ம், இறுகிடுச்சு. நீ போய் டீ ஊத்து. நான் கழட்டுறேன்.

மெரின்: ஊத்திட்டு வந்துட்டேன். தள்ளு... அடப்பாவி, மறுபடியும்!

டேல்: பேய்தான்.

மெரின்: கிராங்க் நுனியில ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வெச்சேன். அது மேல பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப உன்னைப் பார்க்குது.

டேல்: நான்தான் திருப்பினேன். கொஞ்சூண்டு. ஒவ்வொரு தடவையும்.

மெரின்: எதுக்கு?

டேல்: ஒரே வண்டி, மாத்தி மாத்தி ஓட்டுறோம். எஞ்சின் ரெடியாகலைன்னா உன் முறை போச்சு, அடுத்த மாசம் நான். போன தடவை அரை நொடியில என் ரெக்கார்டைத் தவற விட்ட... கிளப் சுவத்துல என் பேரு தொங்குதுக்கா.

மெரின்: தொங்குது. ஆணிதான் லூசா இருக்கு.

டேல்: இனிமே தொடமாட்டேன். ஒழுங்கா அளந்துடுவோம்.

மெரின்: ஆறு ராடு பேரிங்கையும் காலையில நீ குறட்டை விடும்போதே மைக்ரோமீட்டர் வெச்சு அளந்தாச்சு. எல்லாம் சரியா இருக்கு.

டேல்: அப்புறம் எதுக்கு மத்தியானம் பூரா என்னை இங்க உக்கார வெச்ச?

மெரின்: அந்தச் சின்ன வேலை, அடுத்த மாசப் பந்தயத்துக்குப் பேர் குடுக்குறதுதானே? பேர் குடுக்குற நேரம் நாலு மணியோட முடிஞ்சுபோச்சு. அதுக்கும் நம்ம வண்டிக்கு என் பேரைக் காலையிலயே குடுத்துட்டேன். சாஸ் அந்த ஆயில் டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு.