அடைப்புக்குறிக்குள் அழுகை

என் மனைவிக்குத் தட்டச்சில் பிழை வராது. அதனால்தான் அந்த வேலையை அவளிடம் கொடுத்தேன். அப்போது வேறு காரணம் இல்லை.

குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரைப் பற்றியது என் ஆய்வு. நான் போய்ப் பேசிப் பதிவு செய்து வருவேன். அவள் வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி அடிப்பாள். பேச்சு நின்றால் (மௌனம்) என்று போட வேண்டும். அழுதால் (அழுகை).

"அழுறதுக்குக்கூட அடைப்புக்குறி கேக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான், சார்" என்று முதல் வாரம் சிரித்தாள். கேலி வந்தால் நான் அவளுக்கு சார்.

மழைக்காலத் தொடக்கத்தில் அவள் அடித்த ஒரு பிரதியைச் சரிபார்த்தேன். ஒரு தகப்பன், மகளின் பள்ளிக்கூடச் செருப்பைப் பற்றிப் பேசுகிறார். குரல் நடுங்கவே இல்லை. பிரதியில் மட்டும் வரிக்கு வரி (அழுகை). ஒலியைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அங்கே யாரும் அழவில்லை. அழுதவள் இவள். அழுத இடத்தில், தன்னை அறியாமல், அடித்தும் வைத்திருக்கிறாள்.

அன்றே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். எனக்கும் தோன்றியது. ஆனால் பிறர் துயரத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக யாரும் அளந்ததாக நான் படித்ததில்லை. சொன்னால் கவனமாகிவிடுவாள். சொல்லவில்லை. இன்னும் கனமான பதிவுகளாகப் பொறுக்கிக் கொடுத்தேன். (அழுகை) கூடியது. சாப்பாடு குறைந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால், ஓடிப்போய்க் கதவைத் திறந்து, அது கீழே சேரும்வரை நின்றாள்.

"என்னங்க, இதை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்களேன். என்னால முடியல."

"இன்னும் கொஞ்சம்தான்மா. உன்ன மாதிரி வேற யாருக்கு வரும்?"

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சார் என்று சொல்லவில்லை.

மருத்துவரிடம் காட்டச் சொல்லி அவள் அக்கா இரண்டொரு முறை போனில் கெஞ்சினாள். மருந்து உள்ளே போனால் முடிவுகள் குழம்பும். ஆய்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். முடிந்ததும் கட்டாயம் அழைத்துப் போயிருப்பேன்.

அவள் சாலையில் இறங்கியபோது பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்திருக்கிறார். ஹெட்போன் மாட்டியிருந்ததால் கேட்டிருக்காது என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்றேன். ஹெட்போன் வீட்டில், மேசைமேல் இருந்தது.

அவளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வுக்காக என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சப் பதிவுகளை நானே கேட்டு அடித்து முடித்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் என் முன்னால் வைத்திருக்கும் இந்தக் கருவியில் பதிவாவதையும் யாரோ அடிப்பார்கள். அவருக்கு ஒரு குறிப்பு. நான் எங்கும் அழவில்லை. அந்தச் சொல் எங்காவது விழுந்திருந்தால் அது அவருடையது. எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கருவியை ஏன் நிறுத்தப் போகிறீர்கள், ஐயா? நான் நன்றாகத்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்.