இத்தா வீட்டு வெள்ளைச் சீலை

அத இப்ப கழட்டாதீங்க றிஸ்மினா. இரிக்கட்டும். இத்தா முடிஞ்சா முதல் வேல இந்தச் சீலையக் கழட்டுறது தான் எண்டு எனக்கும் தெரியும். மனுசன் மவுத்தாகி வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்த நாலு மாசமும் பத்து நாளும் இதத் தானே பாத்துக்கிட்டு இருந்தன். இன்னும் கொஞ்ச நேரம் தொங்கினா என்ன குறைஞ்சிரப் போகுது. அந்தக் கதிரைய இழுத்துப் போட்டு இரிங்க. சூப்ப அங்கால வைங்க, பொறகு குடிக்கிறன்.

குசினிப் பக்கத்தால தானே வந்தீங்க? ஓம், அப்பிடித் தான் சொல்லி அனுப்பினன். முன் கதவுக்கு காலையில தான் பெயின்ட் அடிச்சது, இன்னும் காயல்ல. புது அபாயா வேற, ஒட்டினாப் போகாது.

இருட்டு தான். பகல் ரெண்டு மணி எண்டா ஆரு நம்புவாங்க. சன்னல் எல்லாத்துக்கும் துணி அடிச்சது நீங்களும் நானும் தானே, மையத்து அடக்கின அண்டைக்கு. வெளி ஆம்புளைங்கட கண் எண்ட மேல படக் கூடாது எண்டு ஒரு இடுக்கு விடாம அடிச்சீங்க. சுத்தியல் பட்டு ஒங்கட பெருவிரல் நகம் கறுத்துப் போச்சே. காட்டுங்க பாப்பம். புது நகம் மொளச்சிட்டுது. அவ்வளவு நாள் போயிரிக்கி.

இந்த இருட்டு தான் எனக்குக் கூட்டா இருந்திச்சு. இருட்டும் இந்த மெசினும். ஓம், புரொஜெக்டர். எண்ட மனுசன், இனாஸ்ட வாப்பா, வாங்கினது தான். டொல்பின் பாக்க வாற வெள்ளக்காரங்களுக்குப் பின்னேரத்துல படம் போட்டுக் காட்டலாம் எண்டு கொழும்புல இருந்து தூக்கிக்கிட்டு வந்தாரு. மவுத்தாகுற வரைக்கும் பெட்டிய ஒடைக்கல்ல. பதினேழாம் நாள் நான் தான் ஒடச்சன். பரீனா இத்தாவுல இருந்துக்கிட்டு படம் பாக்குறாளாம் எண்டு ஊருல கதச்சாங்க தானே? மறைக்காதீங்க, நீங்களும் கேட்டிருப்பீங்க. ஒல வாய மூடலாம், ஊர் வாய மூட ஏலாது. நான் முதல்ல மார்க்கப் பயான் தான் பாத்தன், அல்லாஹ்வுக்குத் தெரியும்.

மெசினப் பூட்டினது ஆரா? நான் தான். ஆம்புளைங்க உள்ளுக்கு வர ஏலாது, மகன் கத்தார்ல. இனாஸ் போன்ல சொல்லச் சொல்ல ஒவ்வொரு வயரா நான் குத்தினன். முதல்ல அந்தச் செவுத்துல தான் அடிச்சுப் பாத்தன். நம்ம ஊருச் செவுரு தெரியும் தானே, உப்புப் பூத்து பெயின்ட் எல்லாம் பொக்களம் பொக்களமா இரிக்கும். பயான் பண்ற ஹஸரத்துக்கு மொகமெல்லாம் சின்னமுத்து போட்ட மாதிரி தெரிஞ்சிச்சு. நான் அண்டைக்குத் தான் முதன்முதல்ல சிரிச்சன். சிரிச்சிட்டு அழுதன்.

அப்ப தான் இந்த ஆர்ச்சில கட்டின சீலையப் பாத்தன். ஹோலுக்கும் அறைக்கும் நடுவுல கதவு வைக்கல்லயே எண்டு நான் அவரோட எத்தின நாள் சண்ட புடிச்சிருப்பன். மறைக்கிறதுக்காக நீங்க கட்டின வெள்ளச் சீலை, எட்டடி அகலம், ஒரு சுருக்கம் இல்ல. மெசினத் தையல் மெசினுக்கு மேல வச்சு, அடியில ஒரு பிஸ்கட் டின் குடுத்தன். படம் ஒரு பக்கம் அகலமாவும் மத்தப் பக்கம் ஒடுக்கமாவும் மையத்துத் தூக்குற சந்தூக்கு மூடி மாதிரி விழுந்திச்சு. டின்ன இப்பிடியும் அப்பிடியும் நகத்தி ஒரு மாதிரிச் சரிக்கட்டினன். பொறகு முன்னால இரிக்கிற இந்த வளையம். இந்தப் பக்கம் திருப்பினா மங்கும், அந்தப் பக்கம் கூடத் திருப்பினாலும் மங்கும். நடுவுல மயிர் அளவுக்கு ஒரு இடம் இரிக்கி. அதப் புடிச்சிட்டா ஒண்டும் ஒளிய ஏலாது.

சீலை மெல்லிசு எண்டதால இன்னொரு வித்தையும் இரிக்கி. ஒரு நாள் பயான ஓட விட்டுட்டு தண்ணி குடிக்கப் போனன். ஹோலுக்கால திரும்பி வந்தா அங்கயும் படம் தெரியுது. எழுத்து மட்டும் இடம் வலமா மாறி இருந்திச்சு, கண்ணாடில பாக்குற மாதிரி.

என்ன சத்தம்? அந்தப் பக்கமா? பூனையா இரிக்கும். கதிரையில ஏறிப் படுக்கும், ஆர்ட பூனையோ. நீங்க எழும்பாதீங்க.

தம்பி எப்பிடி இரிக்காரு? ஒங்கட மாப்புளயத் தான் கேக்குறன். காலையில இருந்து வீட்டுல இல்லியா? இண்டைக்கு இத்தா முடிச்சு ஓதுற துஆவுக்கு வருவாரு தானே. ஒருக்கா வந்தாரு, நாப்பதாம் நாள் கழிச்சு. இந்தச் சீலைக்கு அங்கால நிண்டு, மதினி, எண்ட கூடப் பொறந்த நானா இல்லாட்டியும் நான் இரிக்கன், ஒண்டுக்கும் யோசிக்காதீங்க எண்டு சொன்னாரு. ஹோல்ல லைட் எரிஞ்சதால அவர்ட நெழல் சீலையில விழுந்திச்சு. சொல்லிட்டு ஒடனே போகல்ல. சும்மா நிண்டாரு, கையத் தொங்கப் போட்டுக்கிட்டு, தலையக் குனிஞ்சிக்கிட்டு. அந்த நிப்பு எண்ட கண்ணுலயே நிண்டிச்சு. ஏன் எண்டு அப்ப வெளங்கல்ல.

ஒங்களப் பத்தி நான் ஒரு நாளும் கொறையாக் கதச்சதில்ல. பிறைக் கணக்குல நூத்தி இருவத்தெட்டு நாளும் ஒங்கட கையால தான் சாப்பிட்டன். சோறு, சூப்பு, நெஞ்சடைச்ச அண்டைக்கு இஞ்சித் தண்ணி. கூடப் பொறந்தவ செய்ய மாட்டா. அதனால தான் ஒங்கள ஒவ்வொரு கெழமையும் கேட்டன், ஞாபகம் இரிக்கா? நானா மவுத்தான அண்டைக்கு தம்பி எங்க இருந்தாரு எண்டு. ஒவ்வொரு தரமும் ஒரே கதையச் சொன்னீங்க. மொத நாள் இரவுல இருந்து காச்சல், கட்டில விட்டு எழும்பல்ல, கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தன். மரண விசாரணையிலயும் அதத் தான் சொன்னீங்க. ரெண்டு நாளைக்கு முந்தி நானாவும் தம்பியும் ஜெட்டியில சண்ட புடிச்சத ஊரே பாத்திச்சு. கள்ளப் பீடி இல சாக்க எண்ட போட்டுல ஏத்தாத, இனிப் படியிலயும் மிதிக்காத எண்டு நானா கத்தினாரு. அப்பிடி இருந்தும் பொலிஸ் தம்பிய விட்டாங்க எண்டா, ஒங்கட அந்த ஒரு சொல்லால தான். வேற ஒண்டும் அவங்கட கையில இல்ல.

இல்ல இல்ல, நான் ஒண்டும் சொல்ல வரல்ல. படத்தப் பாருங்க. இதத் தான் பாக்கக் கூப்புட்டன்.

தெரியும், நீங்களும் பாத்த படம் தான். டொல்பின் பாக்க வந்த அந்த ஜேர்மன் புள்ள எடுத்தது. அண்டைக்கு வேற போட்டுல போன புள்ள. நம்ம வீட்டு மவுத்தக் கேள்விப்பட்டு, எண்ட வீடியோவுல ஒங்கட வாப்பாட நீலப் போட் தெரியுது எண்டு இனாசுக்கு அனுப்பினா. போன்ல ஊர் முழுக்கப் பாத்தாங்க. ஓரத்துல ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளியப் பாத்து நீங்களும் நானும் கட்டிப் புடிச்சு அழுதம். ஆனா வட்ஸ்அப்ல வந்தது நசுங்கின படமாம். இனாஸ் தான் சொன்னான். அந்தப் புள்ளைகிட்ட முழுப் படத்தையும் கேட்டு வாங்கி லிங்க் ஒண்டு அனுப்பினான். எண்ட செய்னுலாப்தீன் மாமா அதக் கொமினிகேசன் கடையில எறக்கி பென் ட்றைவ்ல கொண்டு வந்து தந்தாரு. வாப்பாட கடைசிப் படம், பெரிசாப் பாருங்க உம்மா எண்டான் மகன். அவனுக்கும் அப்ப ஒண்டும் தெரியாது.

இப்ப பாருங்க. டொல்பின் பாயுது, அந்தப் புள்ள சிரிக்கிறா. கெமராவ இந்தப் பக்கம் திருப்புறா. நிப்பாட்டுறன். அது தான் நம்ம போட். எத்தின பேரு? எண்ணுங்க. ரெண்டு. தனியாப் போனாரு எண்டு தானே எல்லாரும் சொன்னம். முன்னால வெள்ளச் சேட்டோட நிக்கிறது அவரு, எனக்கு அவர்ட முதுகு தெரியும். எஞ்சின் பக்கத்துல நிக்கிறது மஞ்சள் ஜேர்சி. போன்ல மஞ்சளே தெரியல்ல. இங்க நம்பரும் தெரியுது. பதினொண்டு.

இரிங்க, முடியல்ல. பதினொண்டு போட்ட ஜேர்சிய ஊருல நூறு பேர் போடலாம், நானும் அப்பிடித் தான் எண்ட மனசுக்குச் சொன்னன். நம்ம ரெண்டு பேர்ட குசினியும் முதுகுக்கு முதுகு. நாலு மாசமா எனக்குப் பாக்க இருந்தது ரெண்டே ரெண்டு தான். இந்தச் சீலையும், குசினி வாசல்ல நிண்டாத் தெரியிற ஒங்கட கொடியும். முந்தி வெள்ளிக்கெழம தவறாம தம்பிட பதினொண்டு போட்ட மஞ்சள் ஜேர்சி கொடியில காயும், நீங்க உள்பக்கம் வெளியாத் திருப்பிப் போடுவீங்க, சாயம் போகும் எண்டு. மவுத்துக்குப் பொறகு ஒரு நாளும் அது கொடிக்கு வரல்ல. எங்க றிஸ்மினா அது?

சரி, சொல்ல வேணாம். டொல்பினுக்குத் திரும்பிட்டா. எல்லாரும் கை தட்டுறாங்க. இப்ப திரும்பவும் நம்ம போட். ஒராள் தான் இரிக்காரு. வெள்ளச் சேட்டு இல்ல. போட்டுட ஓரத்தப் பாருங்க, தண்ணிக்கு மேல. ஓம். கை. அவர்ட கை தான், மணிக்கூட்டு வெள்ள வார் தெரியுது. மஞ்சள் ஜேர்சி என்ன செய்யுது? ஒண்டும் செய்யல்ல. கையத் தொங்கப் போட்டுக்கிட்டு, தலையக் குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கிது. தள்ளினாரா, தானா விழுந்தாரா, அல்லாஹ்வுக்குத் தான் வெளிச்சம். ஆனா குனிஞ்சு ஒரு கையக் குடுத்தாப் போதும். நான் எண்ணிப் பாத்தன், பதினேழு செக்கன் நிக்கிது. பொறகு கை இல்ல. அந்தப் புள்ள இன்னும் சிரிச்சிக்கிட்டு தான் இரிக்கா, அவளுக்கு டொல்பின் தான் தெரியுது. நம்ம போட்ட உச்சமுனைக் கரை மணல்ல ஏத்தி விட்டுட்டு, களப்பால வேற வள்ளம் புடிச்சு வந்திரிக்கணும். அவர்ட மையத்து மூணாம் நாள் கந்தக்குழிக் கரையில ஒதுங்கிச்சு.

ஓம், பூன தான். இன்னொரு கதிரைக்கு மாறுது போல.

அழாதீங்க. எனக்கு ஒங்கள்ல கோவம் இல்ல எண்டு சொன்னாப் பொய். கோவம் இரிக்கி, பாசமும் இரிக்கி. இந்தப் படத்துல அந்த நிப்பப் பாத்த பொறகு முப்பத்தாறு நாள், ரெண்டையும் வச்சிக்கிட்டுத் தான் ஒங்கட சோத்தத் திண்டன். நீங்களாச் சொல்லுவீங்க எண்டு காத்துக்கிட்டு இருந்தன். இந்தப் படத்துல மொகம் இல்ல, முதுகு தான் இரிக்கி. கட்டில்ல காச்சலோட கெடந்தவர் கடல்ல எப்பிடி நிக்கிறாரு எண்டு நாளைக்கு ஒரு லோயர் கேப்பான். ஒங்கட சொல் இல்லாம எண்ட மனுசனுக்கு நீதி இல்ல.

என்ன? கேக்கல்ல. இந்த மெசின்ட காத்தாடி எரைச்சல்ல ஒண்டும் கேக்குதில்ல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. சொபஹ் தொழுகைக்கு முந்திப் போனாரா? ஆரு? பேரச் சொல்லுங்க. ஓம், பாயிஸ். நானா கூப்புடல்ல, இவரு தான் சமாதானமாகுறன் எண்டு சொல்லிக்கிட்டுப் போனாரா. எத்தின மணிக்கு வந்தாரு? பகல் பன்னெண்டுக்கு. நனைஞ்சு போய். புள்ளைட தலையில கை வச்சு சத்தியம் வாங்கினாரா ஒங்கள்ட்ட? ஜேர்சி? எரிச்சீங்களா, நீங்களே எரிச்சீங்களா. காச்சலும் இல்ல, கொத்தமல்லியும் இல்ல. இன்னொருக்கா முழுசாச் சொல்லுங்க, மெதுவா, வெளக்கமா. அது தான். அவ்வளவு தான் எனக்கு வேணும்.

மொகத்தத் தொடைங்க. இந்தாங்க எண்ட முந்தானை. இனி ஒங்கள்ட்ட ஒருத்தரும் சத்தியம் வாங்க மாட்டாங்க.

போறீங்களா? குசினிக் கதவ நீங்க வந்த ஒடனே பூட்டிட்டன், தெறப்பு எண்ட இடுப்புல. முன் பக்கத்தால போகலாம். பெயின்ட் ஒண்டும் அடிக்கல்ல அங்க. அந்தப் பக்கத்தால வந்திருந்தா வாசல்ல செருப்பக் கண்டிருப்பீங்க, அதுக்குத் தான் அப்பிடிச் சொன்னன். ளுஹர் தொழுதுட்டு நேரா ஹோலுக்கு வந்துட்டாங்க எல்லாரும். செய்னுலாப்தீன் மாமா, பள்ளித் தலைவர், சிவில்ல வந்த ரெண்டு பொலிஸ். அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல, முன் கதிரையில, ஒங்கட மாப்புள. துஆ எண்டு சொல்லி மாமா தான் கூட்டிக்கிட்டு வந்தாரு. வாயத் தெறக்கக் கூடாது எண்டு சொல்லி வச்சிரிக்கன். அந்தப் பக்கம் எழுத்தெல்லாம் மாறித் தான் தெரியும். ஆனா பதினொண்ட எந்தப் பக்கத்தால பாத்தாலும் பதினொண்டு தானே.

எழும்புங்க றிஸ்மினா. எண்ட இத்தா முடிஞ்சிது. அந்தச் சீலைய இப்ப கழட்டுங்க.