நல்ல சீட்டைக் கீழ வச்ச மாப்பிள்ளை

...அதுவும் தேறாத சீட்டு இல்லண்ணே. ஆட்டின்ல அஞ்சு, ஆறு, ஏழு வரிசையா நிக்கிது, பக்கத்துல ஒரு ஜோக்கரு. அதப் போயி ஒருத்தன் கீழ வைப்பானா? நீங்க வைப்பீகளா? ம்... தலைய ஆட்டுறீகள்ல. இத எங்க வீட்டுல ஒருத்தரும் ஒத்துக்கிட மாட்டேங்கிறாக.

ரம்மி ஆடுவீகளா? பழக்கமில்லையா... சரி, குன்றக்குடி இப்பத்தான தாண்டியிருக்கு, சொல்றேன். ஆளுக்குப் பதிமூணு சீட்டு. எடுத்துப் பாத்ததும் சரிவராதுன்னு பட்டா, ஸ்கூட்டுன்னு சொல்லிக் கவுத்து வச்சிரலாம். இருபது பாயிண்டோட போயிரும். நின்னு ஆடித் தோத்தா எம்பது வரைக்கும் ஏறும். நாங்க வச்சு ஆடுனது புளியங்கொட்டைதான். பொண்ணு பாக்குற வீட்டுல காசா வைப்பாக?

ஆமா, பொண்ணு பாக்கத்தான் வந்தாக. என் தங்கச்சி விசாலம் மக சீதாலட்சுமிய. நான் தாய்மாமன். மாப்பிள்ளைக்குச் சிங்கம்புணரி, பேரு ஆசைத்தம்பி, யூனியன் ஆபீஸ்ல கிளார்க்கு. டெரிலின் சட்டையும் அதுவுமா... நல்லாத்தான் இருந்தான், இல்லைங்கல. வந்தவுக ராகு காலத்துல வந்துட்டாக. அது முடியாமப் பேச்சு எடுக்க முடியாதுல்ல. சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குறதுக்கு, ஒரு கட்டுச் சீட்ட எடுத்துப் போட்டேன். ஒரு ஆளோட கொணம் சீட்டுல தெரியும்ணே. அடுப்படிப் பக்கம் போயி, "எங்கிட்ட எம்பது வாங்குற பயலுக்குப் பொண்ணு கெடையாது"ன்னு வேற சொல்லிட்டு வந்தேன். வெளையாட்டுக்குத்தான். அது சீதா காதுல விழுந்திருக்கு.

மொதக் கை. எனக்கு வந்த சீட்டு இருக்கே... ரெண்டு ஜோக்கரு. மூச்சுக் காட்டாம இருக்கேன். இந்தச் சீதாப் பிள்ளை பணியாரத் தட்டோட வந்து எம் பின்னால நிக்கிது. பய நிமிந்து பாத்தான். "ஸ்கூட்டு மாமா"ன்னு கவுத்துட்டான். அடுத்த கை எனக்கு ஒன்னும் சேரல. அப்ப மட்டும் நின்னு ஆடி ஜெயிக்கிறான். மறுபடி எனக்கு நல்ல கை. பிள்ளை செம்புல தண்ணி கொண்டாந்துச்சு. மறுபடி ஸ்கூட்டு. எனக்குப் பொறுக்கல, அவஞ் சீட்டப் பொரட்டிப் பாத்தேன். அதுதான் நான் சொன்ன ஆட்டின்.

"ஏன் தம்பி, இத வச்சுக்கிட்டா ஸ்கூட்டு?"ன்னேன்.

"நிக்கலாம்னு தோணல மாமா"ங்கிறான்.

தன் கையில இருக்குறதயே நம்பாதவன், கட்டுனவள எங்கிட்டு நம்புவான்? அங்கனக்குள்ளயே சொல்லிட்டேன், இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு. வந்தவுக காப்பியக்கூடத் தொடாமப் போயிட்டாக. விசாலம் அடுப்புக்கிட்ட உக்காந்து அழுகுறா.

அப்பத்தான் இந்தப் பிள்ளை முன்னால வந்து நிக்கிது. எம் மொகத்தப் பாத்துப் பேசுன பிள்ளையே இல்லண்ணே அது. "மாமா, உங்க சீட்ட நாந்தான் பாத்தேன். நல்ல சீட்டா இருந்தா மூக்குத்தியத் தொட்டுத் தலையாட்டுனேன்"ங்குது. "அவுகளுக்கு நான் யாரு? இன்னைக்குத்தான் மொகம் பாத்தாக. கையில நல்ல சீட்ட வச்சுக்கிட்டு, நான் வேண்டாம்னு காட்டுனதுக்காகக் கீழ வச்சாக. நீங்க கேட்டப்பக்கூட என்னயக் காட்டிக் குடுக்கல. இப்புடி ஆளு எனக்கு வேற எங்க மாமா கெடைக்கும்?"

நான் "இது கள்ளாட்டம்"னேன். அழுதுக்கிட்டிருந்த விசாலம் சிரிச்சிட்டா. என் வீட்டுக்காரி அக்கம்மாளும் சிரிக்கிறா. அவ வாசக்கால்ல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அப்பறம் விசாலம் வீட்டுக்காரரு போயி, கையக் காலப் பிடிச்சுப் பேசி முடிச்சிட்டாரு. விடிஞ்சாக் கல்யாணம், சிங்கம்புணரியில.

நான் வரமாட்டேன்னுட்டேன். கள்ளாட்டம் கள்ளாட்டந்தானண்ணே? ஞாயம் எம் பக்கந்தான? அதுக்கு அக்கம்மா கேக்குறா: "அந்தப் பய ஒரே நாள்ல ரெண்டு தரம் கீழ வச்சான். என்னயக் கட்டிக்கிட்டு வந்ததுலருந்து நீங்க ஒரு தரம் வச்சிருக்கீகளா?" அம்புட்டுதான். அதுலருந்து பேச்சு இல்ல. சோத்த வைக்கிறா, கொழம்ப ஊத்துறா, வாயத் தொறக்க மாட்டேங்கிறா. இன்னைக்குப் பாத்தா, தானாப் பொட்டியத் தூக்கிக்கிட்டு பஸ்டாண்டுக்கு நடக்குறா. நான் செருப்பக்கூட ஒழுங்கா மாட்டாம ஓடியாந்து ஏறுனேன்.

அந்தா, முன்னால மஞ்சச் சீலை, அவதான். பக்கத்துல எடம் கெடக்கு, கூடைய வச்சிருக்கா, பாத்தீகளா? என்ன கூடை அது... மாலைண்ணே. தாய்மாமன் போடுற மாலை. நான் வாங்கல. அவளே வாங்கியிருக்கா.

...

திருப்பத்தூரு வந்திருச்சா? நீங்க எறங்கித் திருக்கோஷ்டியூரு பஸ்ஸுப் பிடிக்கணும்ல. போயிட்டு வாங்க. பெருமாளக் கேட்டதாச் சொல்லுங்க. ஞாயம் எம் பக்கந்தான்னு ஒரு வார்த்தை மட்டும்... எறங்கிட்டாரு.

கொஞ்சம் வழி விடுங்கப்பா. முன்னால போகணும்.

அக்கம்மா. கூடைய எடுத்தா உக்காந்துக்கிருவேன்.

...இந்தா, ஒன்னயத்தான். அன்னைக்குக் கொஞ்சம் வேகமாப் பேசிட்டேன். ஆனா நான் சொன்னதுல...

ஏன் அங்குட்டுத் திரும்புற? சரி, ஆனாவெல்லாம் இல்ல. அந்தப் பய நல்ல பயதான். நாந்தான் தப்பாப் பேசிட்டேன். போதுமா?

...ம், குடு. நானே மடியில வச்சுக்கிறேன். என்னடி இது, இம்புட்டுக் கனமா இருக்கு. மாமன் மாலைன்னா அதுக்காக இப்புடியா வாங்குவாக...