கம்பியில் இல்லாத துண்டு

என் கையெழுத்து அழகு என்று எல்லாரும் சொல்வார்கள், சேர். அதனால் நானே எழுதித் தருகிறேன்.

கண்டக்குழிப் பக்கத்துக் கடற்படை முகாமில் எழுத்துப் பிரிவு லெப்டினன்ட்கள் இரண்டு பேர்: நானும் சஜீவனும். யுத்தம் முடிந்து பதினைந்து வருடத்துக்குப் பிறகு தலைமையகம் எழுதியது. சமாதான காலத்துக்கு ஒருவர் போதும். மற்றவர் வருட முடிவில் விலக வேண்டும். சஜீவன் இளையவன், கெட்டிக்காரன்.

“நௌஃபர் அண்ணன், நீங்க இருங்க. நான் நுரைச்சோலை கரண்ட் ஸ்டேஷன்ல கரி அள்ளுறன்” என்று சிரித்தான். பகிடியை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்க்க முடியுமா?

மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர்கள் படகு இலக்கம் எழுதிய துண்டுச் சீட்டை எங்களிடம் தருவார்கள். கம்பியில் குத்தி வைப்போம். திரும்பியதும் வாங்கிக்கொள்வார்கள். பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும்போது கம்பியில் துண்டு மிஞ்சினால் தேடுபடகு போகும்.

அன்று சஜீவனின் முறை. காலையில் துண்டைத் தந்த முத்தலிபு, “மெதுவாக் குத்துங்க சேர், அது நான்தான்” என்றார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு காற்று எழும்பியது. அவருடைய துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. சஜீவன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் அதை என் சட்டைப் பையில் வைத்தேன். ஓர் இரவு நனைவார், சஜீவனுக்கு ஒரு கறுப்புப் புள்ளி விழும். அவ்வளவுதான் கணக்கு.

அப்போதே முத்தலிபுவின் மனைவி ஹவ்வா வந்தார்.

“சேர், எங்கட இவர்ட துண்டு இன்னம் கிடக்கா?”

“இல்ல ராத்தா. வாங்கிட்டுப் போயிட்டார்.”

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப பாண் வாங்கி வைக்கணும், பசியோட வருவார்.”

மூன்றாம் நாள் படகு கிடைத்தது. ஐந்தாம் நாள் முத்தலிபு.

விசாரணையில் ஹவ்வா, “வந்திட்டாரெண்டு சேர் சொன்னார்” என்றார். எந்தச் சேர் என்று யாரும் கேட்கவில்லை. கடமைப் பட்டியலில் சஜீவனின் பெயர் இருந்தது. துண்டு தவறிப்போனதை அவனும் மறுக்கவில்லை. “துண்டு என்ட கையாலதான் தவறியிருக்கும், அண்ணன்” என்று என்னிடம் அழுதான். அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஹவ்வாவுக்கு அனுதாபக் கடிதம் எழுதியது நான். ஒரு பிழை இல்லை.

நேற்று அவனுடைய மேசை லாச்சியைத் துப்புரவாக்கினேன். தானே விலகுவதாக அவன் எழுதி வைத்த கடிதம் இருந்தது. திகதி, முத்தலிபு கடலுக்குப் போனதற்கு முந்தின நாள். காரணம்: ‘நௌஃபர் அண்ணனுக்குப் பிள்ளைகள் உண்டு.’

அந்தக் கடிதத்தையும் முத்தலிபுவின் துண்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டையும் கிழித்திருக்கலாம். ஆனால் ஆவணங்களுக்குக் கெடுதல் செய்கிற ஆள் நானில்லை, சேர்.