மைனஸ் முப்பது

ஒரு குழந்தையின் மூச்சுக்கு விலை முந்நூற்று எண்பது வெள்ளி. கடைக்காரன் நானூற்று ஐம்பது சொன்னான். பெட்டியில் கீறல், உத்தரவாதச் சீட்டு இல்லை, யாரோ போட்டுக் கழற்றிய சாமான்… இப்படிக் குறை சொல்லிச் சொல்லி எழுபது வெள்ளியைக் கழித்தான் ஒருவன். நானாக இருந்தால் இன்னும் ஐம்பது கழித்திருப்பேன். ஆனால் வாங்க வந்தவன் முகத்தைப் பார்த்தவுடனே கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கும், இவன் வாங்காமல் போக மாட்டான் என்று.

வாங்கியவன் நம் நவமணி அக்காவின் தம்பி, தனேஸ்வரன். அக்கா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அக்காவிடம் போய்க் கேட்டு வைக்காதீர்கள். அப்பாவு அண்ணே, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்கள். மழைச்சாரல் அடிக்கிறது.

இரவு ஒன்று பத்து. சித்தியவானில் ஒரு மீன் கிடங்கின் கேமராக்களைச் சரி செய்துவிட்டு, தோட்டத்து ரோடான குறுக்குச் சடக்கில் வேனில் ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். எட்டாங்கட்டைத் தோட்டம் உங்களுக்குத் தெரியும். ரப்பர்ப் பால்மரத்தை வெட்டி எண்ணெய்ச் செம்பனை போட்டு முப்பது வருடம் ஆகிறது. லயத்து வீடு இல்லை, கோயில் இல்லை, ஆள் இல்லை. மிச்சம் இருப்பது சுடுகாடு ஒன்றுதான். அந்தச் சடக்கில் போனுக்கு லைன் கிடைக்கிற இடமும் ஒன்றுதான்… சுடுகாட்டு மேட்டை ஒட்டிய வளைவு. அதைத் தாண்டினால் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு சிக்னல் கோடு கூட இருக்காது.

அந்த வளைவில் அவன் போன் 'டிங்' என்றது.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அவன் தொழில் தெரியாவிட்டால் அந்த 'டிங்'கின் கனம் உங்களுக்குத் தெரியாது.

புந்தோங்கிலும் ஈப்போவிலும் பாதிக் கடைகளுக்கு வைஃபை போட்டுக் கொடுத்தவன் தனேஸ்வரன். யார் இணையலாம், யார் கூடாது என்பதில் கறார். அவன் வீட்டில் ஒரு புதுப் போன் இணைய வேண்டுமென்றால் அவனுக்குச் செய்தி போகும். 'அனுமதி', 'மறுப்பு'. அவன் விரல் பட்டால்தான் கதவு திறக்கும்.

கதவு என்றேனே, அது இரண்டு. புதுத் தரத்தில் ஒன்று, பழைய தரத்தில் ஒன்று. புதுக் கதவு வேகம், பத்திரம். புதுச் சாமான்களுக்கு மட்டும். பழைய கதவு மெதுவானது, பூட்டும் லேசு, ஆனால் தெருத் தாண்டியும் எட்டும். பத்திரம் வேண்டுமென்றால் பழையதை அடைத்துவிட வேண்டும். எல்லாக் கடையிலும் அடைத்தான். தன் வீட்டில் மட்டும் முடியவில்லை. அந்த முந்நூற்று எண்பது வெள்ளிச் சாமானுக்குப் பழைய கதவு மட்டும்தான் தெரியும்.

அது கணுக்காலில் கட்டுகிற ஒரு பட்டை. அவன் மகள் தினேஸ்வரி ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். தூக்கத்தில் சட்டென்று மூச்சு நின்றுவிடும். பட்டை நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி அனுப்பும். நின்றால் கத்தும். பத்து மாதமாக அந்த வீடு அந்தக் கத்தலுக்குப் பயந்துதான் தூங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கையில் வாங்கி வந்தவள் தாய் விமலா இல்லை. விமலாவின் அக்கா புஷ்பலதா. கல்யாணம் ஆகாதவள். பிள்ளை மார்பில் காயு பூத்தே எண்ணெய்த் தைலம் தேய்த்து, ஸ்பிரிங் தொட்டிலில் போட்டு, விடிய விடிய ஆட்டியவள் அவள். பிள்ளைக்கு ஆறாம் மாதம் ஆனபோது அவளுக்கு இருமல் பிடித்தது. காசநோய். குழந்தை கிட்டே வரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனேஸ்வரன் அவளுக்குப் பின்சந்தில் ஓர் அறை பிடித்துக் கொடுத்துக் கேட்டைச் சாத்தினான். அதில் தப்பு சொல்ல முடியாது.

அவள் வைத்திருந்தது ஓர் ஓட்டைப் போன். டேட்டா போடக் காசில்லை. அதனால் தினமும் சாயங்காலம், வீட்டுக்கு எதிரே பஸ் நிற்கிற இடத்துப் பெஞ்சில் வந்து உட்காருவாள். பழைய கதவு அங்கே வரைக்கும் எட்டும். பிள்ளை அறைக் கேமராவைப் போனில் திறந்து பார்த்துக்கொண்டிருப்பாள். தனேஸ்வரனின் பட்டியலில் தெரியும்: 'புஷ்பா அக்கா, மைனஸ் எண்பத்தெட்டு.' அந்த எண் சிக்னலின் பலம். பூஜ்யத்தை நெருங்க நெருங்க ஆள் கிட்டே இருக்கிறார் என்று அர்த்தம். எண்பத்தெட்டு என்றால் பெஞ்சு. எழுபது என்றால் வாசல். வைஃபை பெட்டி இருப்பது பிள்ளை அறையில், அதனால் முப்பது என்றால் தொட்டில் பக்கம்.

பிறகு அவன் வைஃபை போட்டுக் கொடுத்த ஒரு நகைக்கடையில் திருட்டு. வேலையை விட்டுப் போன ஒருத்தனின் பழைய போன் பட்டியலில் இருந்ததாம். அது வழியாகத்தான் உள்ளே புகுந்தார்கள். பயந்துபோன தனேஸ்வரன் அன்றைக்கே எல்லாப் பட்டியலையும் கழுவினான். தன் வீட்டுப் பட்டியலையும். புஷ்பா அக்கா பேரும் போயிற்று. விட்டுவைக்க மறந்துவிட்டேன் என்றான் விமலாவிடம்.

நாலு சாயங்காலம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, திறக்காத போனைத் தட்டிக்கொண்டிருந்தாளாம் புஷ்பலதா. ஒருவரிடமும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி. ஒன்பதாம் நாள் முடிந்தது.

எட்டாங்கட்டைச் சுடுகாட்டில், அப்பன் ஆத்தாள் பக்கத்தில் மண் போட்டார்கள். நம் ஆட்கள் சவப்பெட்டியில் பிரியப்பட்ட சாமானை வைத்து அனுப்புவோம் இல்லையா… விமலா அந்த ஓட்டைப் போனை முழுசாகச் சார்ஜ் ஏற்றி, அக்கா கையில் வைத்தாள். "அணைக்காதீங்க லா. உள்ளே இருட்டா இருக்கும், அக்கா பயப்படுவா," என்றாளாம்.

அது நடந்து பதினைந்தாம் இரவுதான் இது. போன் 'டிங்' என்றது.

*புஷ்பா அக்கா. பழைய கதவு. மைனஸ் எண்பத்தெட்டு. அனுமதி? மறுப்பு?*

அழித்த பேர் திரும்பி வராது. புதிதாய் ஒன்று வந்து தட்டினால் வெறும் எண்களாகத்தான் வரும். பேர் வைப்பது அவன்தான், அவன் வைக்கவில்லை. வேனை ஓரங்கட்டி மறுப்பை அழுத்தினான்.

'டிங்'. மைனஸ் எழுபத்தொன்று.

மறுப்பு.

'டிங்'. மைனஸ் ஐம்பத்திரண்டு. அது கூடம்.

மறுப்பு… மறுப்பு… மறுப்பு.

"பதினஞ்சு நாளா மண்ணுக்குள்ள கிடக்குற போனுக்கு பேட்டரி எங்கேர்ந்துப்பா?" என்று கேட்கிறீர்கள். அப்பாவு அண்ணே, நீங்கள் கதை கேட்க வந்தீர்களா, ரிப்பேர் பார்க்க வந்தீர்களா?

அறைக் கேமராவைத் திறந்தான். பிள்ளை தொட்டிலில். கீழே பாயில் விமலா, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். வேறு யாரும் இல்லை. ஆனால் தொட்டில்… மேலும் கீழும், மெதுவாக. ஸ்பிரிங் சத்தம். கிரீச்… கிரீச்… கிரீச்.

விமலாவைக் கூப்பிட்டான். ஏழாவது தடவை மணி அடித்தபோது எடுத்தாள்.

"என்னாங்க, இந்நேரத்துல?"

"எழுந்திரு. தினு எப்படி இருக்கு பாரு."

"தூங்குது லா… ஐயோ, அலமா, யாரு தொட்டிலை ஆட்டிவிட்டது? நான் இப்பதான முழிச்சேன்…" குரல் இறங்கியது. "எண்ணெய் வாடை அடிக்குதுங்க. காயு பூத்தே. நம்ம வீட்டுலதான் அது இல்லியே."

"விமலா, நான் சொல்றதைக் கேளு. பழைய லைனை அடைக்கப் போறேன். பட்டை வேலை செய்யாது. நீ பிள்ள நெஞ்சுல கைய வச்சிக்கிட்டே இரு. எடுக்காத."

"ஏன் அடைக்கணும்? யாரு வந்திருக்கா?"

"கேக்காத."

"அக்காவா?"

பழைய கதவை அடைத்தான்.

ஸ்பிரிங் சத்தம் நின்றது. மூன்று விநாடி… நான்கு…

"என்னாங்க… நெஞ்சு அசையல."

"நல்லா வச்சிப் பாரு!"

"அசையலங்க! தினு! ஏ தினு!"

"தூக்கு! உள்ளங்காலத் தட்டு! முதுகுல தேயி!" ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் கத்தினான். அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. 'சளக், சளக்' என்று ஈரத் துணியை அடிப்பது போல. அழுகை விமலாவுடையது மட்டும்.

"நீலம் பூக்குதுங்க… உதடு…"

பழைய கதவைத் திறக்க அழுத்தினான். கதவு அடைக்க ஒரு விநாடி போதும். திறக்கத் தொண்ணூறு விநாடி ஆகும். வைஃபை பெட்டி அணைந்து, எழுந்து, யோசித்துத்தான் திறக்கும். வாடிக்கையாளர்களிடம் அவனே நூறு தடவை சொன்னதுதான். 'பொறுமையா இருங்கண்ணே, ஒன்றரை நிமிஷம்தானே.'

அந்த ஒன்றரை நிமிடத்தில் அவன் வேனைவிட்டு இறங்கினான். வண்டியை எடுத்தால் லைன் போய்விடும். வீடு நாற்பது நிமிடம். ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டுமானால் விமலாவின் அழைப்பைத் துண்டிக்க வேண்டும். விரல் அதற்குத் துணியவில்லை. எதிரே சுடுகாட்டு மேடு. செம்பனை ஓலைகளில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர். புதுமண் வாடை. போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி அந்த மேட்டைப் பார்த்து மண்டி போட்டான். பேரம் பேசத் தெரிந்த பையன்தான். ஆனால் கொடுக்கக் கையில் என்ன இருக்கிறது?

"அக்கா… நான் மறக்கலக்கா. தெரிஞ்சுதான் அழிச்சேன். பட்டியல்ல உங்க பேரு மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. விரல் ஒரு நிமிஷம் நின்னுச்சுக்கா. தினமும் நீங்க அங்க உக்காந்து பாக்குறதப் பாக்க எனக்குப் பொறுக்கல… அழிச்சிட்டேன். என்னை எடுத்துக்குங்க. பிள்ளைய விடுங்க. இல்ல… இல்லக்கா, வாங்க. உள்ள வாங்க. தொட்டில் கிட்ட வாங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

போனில் விமலா பேசுவதை நிறுத்தியிருந்தாள். தட்டுகிற சத்தமும் நின்றிருந்தது. அதுதான் மோசம் என்றானாம் அவன். தட்டுகிற சத்தம் நின்றதுதான்.

'டிங்'.

*புஷ்பா அக்கா. பழைய கதவு. மைனஸ் முப்பது. அனுமதி? மறுப்பு?*

அனுமதியை அழுத்தினான். 'இந்த முறை மட்டுமா, எப்போதுமா' என்று கேட்டது. எப்போதும்.

கிரீச்.

பிறகு ஓர் இருமல். சின்ன இருமல். அதற்குப் பின்னால் பிள்ளையின் அலறல்… அந்த அலறலைக் கேட்டுத் தோட்டச் சடக்கில் ஓர் ஆம்பிளை கைதட்டிச் சிரித்தானாம். பார்த்திருந்தால் பேய் என்று நாம்தான் ஓடியிருப்போம்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே கால். விமலா தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை தொட்டிலில்.

"நீ போட்டியா?" என்றான்.

"நான் மடியில வச்சிருந்தேங்க," என்றாள் விமலா. "கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. முழிச்சிப் பாத்தா தொட்டில்ல இருக்கு."

அதெல்லாம் போன வருடத்துக் கதை. டாக்டர் பார்த்தார். பிள்ளை சுகம், இனிப் பட்டை வேண்டாம் என்றார். அவர்கள் கழற்றவில்லை. பழைய கதவை அடைக்கவும் இல்லை. ஊர்க் கடைக்கெல்லாம் 'அண்ணே, பழசை அடைங்க, ஆபத்து' என்று சொல்கிறவன், தன் வீட்டுக்கு மட்டும் திறந்தே வைத்திருக்கிறான்.

இதில் அவனைத் தூங்க விடாதது ஒன்றே ஒன்று. பகலில் பட்டை சரியாக எண்ணுகிறது. இரவு ஒன்று பத்துக்குப் பிறகு எண் ஏறிவிடுகிறது. கடைக்காரனிடம் கொண்டுபோனான். கடைக்காரன் தன் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, சாமான் நல்ல சாமான் என்றான். புதுசு ஒன்று வாங்கிக் கட்டினார்கள். அதுவும் அதே எண். நவமணி அக்கா ஓர் இரவு தங்கி, பிள்ளை நெஞ்சில் கை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறார். மூன்று தடவை.

பட்டை காட்டுவது நிமிடத்துக்கு ஐம்பது. அக்கா எண்ணியது முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு பிள்ளைக்கு.

மிச்சம் பதினெட்டு… பெரிய ஆள் மூச்சு.