ஆறு குடம் வைத்தால் உரசும் வண்டி

"ஒத்தக் குடம் வச்சா உரசல தம்பி. ஆறு குடம் வச்சாத்தான் உரசுது."

திருப்பாலைக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் பஸ். முன் இருக்கையில் ஒரு பெரியவர், பக்கவாட்டில் தேய்ந்துபோன சின்ன டயர் ஒன்றை மடியில் வைத்திருந்தார். அருகில் இருந்தவர், தான் ராமநாதபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பதாகச் சற்று முன்புதான் அவரிடம் சொல்லியிருந்தார்.

"என்ன வண்டிங்கய்யா?"

"மொபெட்டுக்குப் பின்னாடி மாட்டுற டிரைலரு. தண்ணி எடுக்கத்தான். மணல்ல புதையுதேன்னு அகல டயராப் போட்டேன். அச்சு குட்டை. கனம் ஏறுனா பாடி அமுங்கி டயர்ல இடிக்குது."

"அச்ச மாத்த வேணாம். சக்கரத்துக்கு உள்பக்கம் அரை இஞ்சுத் தகடு குடுத்து, நீள போல்ட்டாப் போட்டா டயரு வெளிய தள்ளிரும். வீட்டுல எத்தன பேருங்கய்யா?"

"நான் மட்டுந்தான்."

"அப்பறம் எதுக்கு ஆறு குடம்? ஒண்ணு போதுமே. வண்டிய அப்படியே விட்டுறலாம்."

பெரியவர் டயரின் தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒத்தக் குடம் சட்டுன்னு நிறைஞ்சிருது. ஆறுன்னா குழாயடியில முக்கா மணி நேரம் நிக்கலாம். நாலு பேரு பேசுவாக. வீட்டுக்கு வந்துட்டா மறுநா காலைல வரைக்கும் பேச்சு கிடையாது. மிச்சத் தண்ணிய வேம்புக்கு ஊத்திருவேன்."

வெல்டிங்காரர் டயரை வாங்கி, தேய்ந்த இடத்தை விரலால் அளந்தார்.

"நாளைக்கு இந்த டயர மறுபடி மாட்டி, வண்டியக் காலியாப் பட்டறைக்கு ஓட்டிட்டு வாங்கய்யா. தகட முக்கா இஞ்சாவே போட்டுருவோம். எட்டுக் குடம் வச்சாலும் உரசாது."