வலி இல்லாத காலுக்கு ஒரு கட்டு

சடையாண்டி: இன்னுங் கொஞ்சம் பெருசா சுத்துங்க பாய். வேட்டிக்கு மேலயே தெரியணும்.

சௌகத் அலி: மொதல்ல வலி எங்கனு சொல்லுப்பா.

சடையாண்டி: எங்க கட்டினா தூரத்துல இருந்து பாக்குறவங்களுக்குத் தெரியும்?

சௌகத் அலி: இம்புட்டு வருசமா எலும்பு கட்டுறேன். இப்படி ஒருத்தனும் கேட்டதில்ல.

சடையாண்டி: அப்ப முழங்கால்லயே இருக்கட்டும். முழங்கால்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க.

சௌகத் அலி: காலை நீட்டு… இதுலயா? வீக்கமும் இல்ல, நோவும் இல்ல. கருங்கல்லு மாதிரி இருக்கு.

சடையாண்டி: வீக்கத்தை நீங்கதான் உண்டாக்கணும். மூங்கில் தப்பை ரெண்டு வச்சு, முட்டையும் உளுந்து மாவும் தடவி, மேல துணியைச் சுத்தினா… காஞ்சதும் யானைக்கால் மாதிரி ஆயிரும்ல?

சௌகத் அலி: ஏன், ஞாயித்துக்கிழமை ஓட வரலையா நீ?

சடையாண்டி: செத்த மெதுவாப் பேசுங்க பாய்.

சௌகத் அலி: தமுக்கு அடிச்சு திண்டுக்கல் பூராம் சொல்லியாச்சு, இனி மெதுவாப் பேச என்ன இருக்கு? சடுகுடுக்கு சடையாண்டி. புட்பாலுக்கு டிரில் வாத்தியார் ராயப்பராஜ். குஸ்திக்கு இந்த சௌகத் அலி வஸ்தாது. மூணு பேரும் மலைக்கோட்டையைச் சுத்தி ஓடணும். கடைசி வரைக்கும் விழாம நிக்கிறது யாரோ, அவன் ஆட்டம்தான் ஒடம்பைத் தாங்க வைக்கிற ஆட்டம்.

சடையாண்டி: எனக்குத் தெரியாதா… நான் போட்ட சவால்தானே.

சௌகத் அலி: அதைச் சொல்லு. எந்த ஆட்டக்காரன் அதிக நாள் தாங்குவான்னு வாத்தியார் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாரு. டீக்கடை மேசையைத் தட்டினது நீ. கிளாஸ் ஒண்ணு ஒடஞ்சே போச்சு.

சடையாண்டி: நாப்பத்தி மூணு வயசுல மேசையைத் தட்டலாம் பாய். மலையைச் சுத்தி ஓட முடியுமா?

சௌகத் அலி: ஏன், உன் மூச்சுக்கு என்ன? ஒரே மூச்சுல எதிர்க் கோட்டுக்குள்ள போயி நாலு பேரைத் தொட்டுட்டு, பாட்டை விடாமத் திரும்புற ஆளு.

சடையாண்டி: அது போன மாசம் வரைக்கும்னு வச்சுக்கங்களேன்… இல்ல, பொய் எதுக்கு, போன வருசமே போச்சு. இப்ப தண்ணி பாய்ச்சிட்டு வரப்பேறி வந்தாலே இரைக்குது. எங்க வீட்ல வள்ளிகிட்டகூடச் சொல்லல. ஞாயித்துக்கிழமை பாலசமுத்திரத்துல இருந்து மாப்ள வீட்டுக்காரங்க பஸ் ஏறி வாராங்க. சம்பந்தி ஓடுறதைப் பாக்கணுமாம். அவங்க முன்னால நான் நாக்குத் தள்ளி நடுரோட்டுல உக்காந்தா, என் மக மூஞ்சில எப்படி முழிப்பேன்? நெனச்சாலே கேவலமா இருக்கு பாய்.

சௌகத் அலி: கட்டோட போய் நின்னா?

சடையாண்டி: கட்டோட போனா, கால் மட்டும் நல்லா இருந்தா இவரை யாரு பிடிச்சிருப்பான்னு அவங்களே சொல்லுவாங்க.

சௌகத் அலி: ரொம்ப யோசிச்சுத்தான் வந்திருக்கே. அசையாத, மாவு வழியுது.

ராயப்பராஜ்: பாய்… உள்ள இருக்கீங்களா பாய்?

சடையாண்டி: அடக் கடவுளே, வாத்தியார் குரலு. நான் இந்தத் திரைக்குப் பின்னால போயிடுறேன். வாயைத் தொறந்துறாதீங்க.

சௌகத் அலி: பாத்து, திரையில ஒட்டிக்கிறாத… வாங்க வாத்தியாரே, வாங்க.

ராயப்பராஜ்: யாரோட பேசிக்கிட்டிருந்தீங்க?

சௌகத் அலி: வயசாச்சுல்ல… தனியாப் பேசிக்கிறேன்.

ராயப்பராஜ்: சடையாண்டி இந்தப் பக்கம் வந்தானா? நேத்துப் பூ மார்க்கெட்ல பாத்தேன். தலையில கனகாம்பரக் கூடையோட ஓட்டமா ஓடுறான். வேணும்னே எம் முன்னால ஓடிக் காட்டுறான் பாய்.

சௌகத் அலி: பஸ்ஸுக்கு ஓடியிருப்பான்.

ராயப்பராஜ்: பஸ்ஸுக்கு ஓடுறவன் சிரிச்சுக்கிட்டா ஓடுவான்? சரி, அதை விடுங்க. எனக்கு ஒரு கட்டு போடணும்.

சௌகத் அலி: …என்ன கட்டு?

ராயப்பராஜ்: கைக்கட்டு. கழுத்துல தூளி கட்டித் தொங்க விட்டுருங்க.

சௌகத் அலி: கை ஒடிஞ்சாலும் ஓடலாமே வாத்தியாரே.

ராயப்பராஜ்: அட… ஆமால்ல. அப்ப கணுக்கால்ல போட்டுருங்க.

சௌகத் அலி: நீங்களுமா?

ராயப்பராஜ்: நீங்களுமான்னா? வேற யாரு?

சௌகத் அலி: ஒண்ணுமில்ல, வாய் தவறிருச்சு. ஏன் ஓட வேணாங்குறீங்க?

ராயப்பராஜ்: முழங்கால் மடங்க மாட்டேங்குது பாய். பையங்களுக்குத் தோப்புக்கரணம் போட்டுக் காட்டணும்னா ஒருத்தனைக் கூப்பிட்டு, நீ போட்டுக் காட்டுறாங்குறேன். பத்து வருசம் தோல்ஷாப்பு டீமுக்கு வெறுங்கால்ல கோலுக்குக் காவலா பேக் ஆடினவன் நான், ஒரு மேட்ச் விட்டதில்ல. அந்தப் பெருமையை நம்பிப் பையங்க பள்ளிக்கூடச் சுவர்ல சுண்ணாம்புல எம் பேரை எழுதிட்டானுங்க. எங்க வீட்ல சகாயராணி வேற நான் ஜெயிக்கணும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்திட்டா.

சௌகத் அலி: நல்லதுதானே.

ராயப்பராஜ்: ஓடாம இருக்கணும்னு நான் தனியா ஒண்ணு கொளுத்தினேன். மாதா காதுல எது கேக்குதுனு பாப்போம்.

சௌகத் அலி: காலை நீட்டுங்க. துணி சுத்துறேன்.

ராயப்பராஜ்: ஆனா ஒண்ணு பாய். சடையாண்டிகிட்டத் தோக்குறதை மட்டும் என்னால தாங்க முடியாது. சடுகுடு ஒரு ஆட்டமா? ஒரு மூச்சுக்குப் பாடிட்டு, அவுட்டாகி, மிச்ச நேரம் பூராம் வேப்பமரத்து நிழல்ல உக்காந்து…

சடையாண்டி: யாருய்யா நிழல்ல உக்காந்தா?

ராயப்பராஜ்: யேசுவே… ஏலே, நீ எங்கடா இருந்து வர்றே?

சடையாண்டி: ஏழு பேரு மேல விழுந்து அமுக்குவான். கை ஒரு பக்கம் இழுக்கும், கால் ஒரு பக்கம் இழுக்கும். அப்பவும் பாட்டை விடக்கூடாது. உங்க புட்பால்ல என்ன? பந்து அந்தக் கடைசிக்குப் போச்சுன்னா பேக் ஆடுறவரு இடுப்புல கை வச்சு வேடிக்கை பாக்குறீங்க.

ராயப்பராஜ்: முழு மேட்சும் ஓடணும்டா. உச்சி வெயில்ல, கொதிக்கிற மண்ணுல.

சடையாண்டி: பாதி ஆட்டத்துல எலுமிச்சம்பழம் சப்புறீங்கள்ல, அதையும் சொல்லுங்க.

ராயப்பராஜ்: அதாவது பரவாயில்ல. கிரிக்கெட்டுன்னு ஒண்ணு இருக்கு, அஞ்சு நாள் ஆடுறான். பேப்பர்ல போடுறான்.

சடையாண்டி: அஞ்சு நாளா? அப்ப அவன்தான் நம்ம எல்லாரையும் விடத் தாங்குறவனா?

ராயப்பராஜ்: நடுவுல சோறு, அப்புறம் டீ, அப்புறம் ராத்திரித் தூக்கம். அந்தக் கணக்குக்கு எங்க மாமனாரும் பெரிய ஆட்டக்காரர்தான்.

சௌகத் அலி: குஸ்தியை விட்டுட்டீங்களேப்பா.

சடையாண்டி: குஸ்தி, கண் மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும் பாய். அதுக்கப்புறம் பாதாம் பாலு.

ராயப்பராஜ்: அது இருக்கட்டும். உன் முழங்கால்ல என்னடா அது, வெள்ளையா வழியுது?

சடையாண்டி: உங்க கணுக்கால்ல என்ன அது?

ராயப்பராஜ்: …சுளுக்கு.

சடையாண்டி: திரைக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கேட்டேன் வாத்தியாரே.

ராயப்பராஜ்: அப்ப உனக்கும்…

சடையாண்டி: இரைப்பு. வரப்பு ஏற முடியல.

ராயப்பராஜ்: பூக்கூடையோட ஓடினியே?

சடையாண்டி: உங்களைப் பாத்துட்டுத்தான் ஓடினேன். சந்து திரும்பினதும் கூடையை எறக்கி வச்சு உக்காந்துட்டேன். ரெண்டு பஸ் போச்சு.

ராயப்பராஜ்: அடப்பாவி. உன்னை நெனச்சு ரெண்டு நாளாத் தூங்கலடா நான்.

சடையாண்டி: நானும் உங்களை நெனச்சுத்தான். மனசுல ஒரு மூட்டையை எறக்கின மாதிரி இருக்கு. சரி, நீங்களும் கட்டு, நானும் கட்டு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கம்பு ஊனிப் போய் நிப்போம்… இருங்க. நம்ம ரெண்டு பேரும் ஓடலைன்னா?

ராயப்பராஜ்: பந்தயம் இல்ல.

சடையாண்டி: எப்படி இல்லாமப் போகும்? பாய் இருக்காரே. அவரு கைலியை மடிச்சுக் கட்டி ஒரு சுத்து நடந்தாலே குஸ்திதான் ஜெயிச்சதாப் போயிரும்.

ராயப்பராஜ்: அதானே. சாகுற வரைக்கும் பாயோட பேகம்பூர்ப் பயலுக நம்மளை விடுவானுங்களா?

சௌகத் அலி: அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாதுப்பா. பேசாம ரெண்டு பேரும் கட்டோட வீட்டுக்குப் போங்க. ஒடம்பு முக்கியம்.

ராயப்பராஜ்: பாத்தியா, பாத்தியா. நம்மளை அனுப்புறதுல எம்புட்டு அவசரம்.

சடையாண்டி: வஸ்தாது பிடின்னா சும்மாவா. ஆளைத் தொடாமயே மண்ணுல சாய்க்கிறாரு. அவுருங்க பாய் என் கட்டை, காயறதுக்குள்ள.

ராயப்பராஜ்: எனக்கும் அவுருங்க.

சௌகத் அலி: சொன்னாக் கேளுங்கப்பா…

ராயப்பராஜ்: இங்க பாரு சடையாண்டி, ஒரு யோசனை. மூணு பேரும் சேந்தாப்ல ஓடுவோம். ஓட்டம்னு பேரு, அம்புட்டுத்தான். யாரும் முந்தக்கூடாது, யாரும் விழவும் கூடாது. மூணு ஆட்டமும் ஒண்ணா வந்து சேரட்டும்.

சடையாண்டி: எனக்கு இரைச்சா?

ராயப்பராஜ்: நான் நின்னு உள்ளங்கால்ல முள்ளு எடுக்கிறேன். நீ மூச்சு வாங்கிக்க.

சடையாண்டி: உங்களுக்கு முழங்கால் பிடிச்சா?

ராயப்பராஜ்: உன் சம்பந்தியைக் கூப்பிட்டு என்னை அறிமுகப்படுத்து. நின்னு நாலு வார்த்தை பேசுறேன்.

சடையாண்டி: இது நல்லா இருக்கு. எம் மகளும் பாப்பா, அப்பன் கடைசி வரைக்கும் வந்து சேந்தாருன்னு. ஆனா பாய் ஒத்துக்கணுமே. அவரு நம்மளை விட்டுட்டுப் போயிட்டா?

ராயப்பராஜ்: கேட்ருவோம். என்ன பாய், சம்மதமா?

சௌகத் அலி: மொதல்ல இந்த மாவுச் சட்டியை அங்கிட்டு எடுத்து வைங்கப்பா.

சடையாண்டி: ஏன் பாய் பேச்சை மாத்துறீங்க? தனியா ஜெயிக்கணும்னு ஆசையா?

சௌகத் அலி: அல்லா அறிய அப்படி ஒரு ஆசை எனக்கு இல்லப்பா.

ராயப்பராஜ்: அப்ப எந்திரிச்சு வந்து எங்க ரெண்டு பேருக்கும் கையடிச்சுக் குடுங்க.

சௌகத் அலி: இருங்கப்பா… எந்திரிக்கணும்னா மொதல்ல கைலிக்குள்ள இருக்கிற என் முழங்கால் கட்டை அவுக்கணும். காலையில தொழுதுட்டு வந்த கையோட நானே போட்டுக்கிட்டது. நல்லாக் காஞ்சு போச்சு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க.